ராகு காலம் இல்லாத ஊர்

ராகு காலத்தை ஒரு ஊரை விட்டே ஏழு வாரத்துக்கு நாடு கடத்தியவன் இந்தச் செங்கல்வராயன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் விசில் கேட்டுத்தான் மதுராந்தகம் பஸ் கிளம்பும், மாமல்லபுரம் பஸ் கிளம்பும், கொளவாய் ஏரியில் கொக்கு கூடக் கிளம்பும். நான் லீவு போட்ட நாளில் ஊரில் மத்தியானமே சாயங்காலம்தான் வரும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் அவர்கள் சார்பில் நானே சொல்லிவிடுவேன்.

நான் சொல்வதை ஊரில் யாரும் நம்புவதில்லை. அது எனக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் போன கார்த்திகையில் ஒரே ஒரு ஆள் நம்ப வேண்டியிருந்தது. அவர் நம்பாவிட்டால் என் மகள் கல்யாணம் நின்றுவிடும். அந்த ஆள் மதுராந்தகம் நெல் மண்டி அப்பாசாமி, என் சம்பந்தி.

என் மகள் ரேணுகா நார்வே தேசத்தின் வடகோடியில், ட்ரோம்சோ என்ற ஊரில், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து வியாதியைச் சொல்கிற உத்தியோகம். நான் வெளியில் சொல்லும்போது அந்த ஆஸ்பத்திரியே அவளை நம்பித்தான் நடக்கிறது என்பேன். பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதியவன் பெண், பூமிப் பந்தின் உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு நான் இவ்வளவு கூடச் சொல்லாவிட்டால் எப்படி? அங்கே போய் அவள் கண்டுபிடித்த மாப்பிள்ளை ரஞ்சித்குமார், கடல் ஆராய்ச்சிக் கப்பலில் இன்ஜினியர், சொந்த ஊர் மதுராந்தகம். இங்கேயே இருந்திருந்தால் ஒரு பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கலாம். என் பெண் உலகத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊர்ப் பையனைப் பிடித்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறேன். ஒன்று செங்கல்பட்டு நேரம், மற்றது ட்ரோம்சோ நேரம். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், வெயில்காலத்தில் மூன்றரை. வருஷத்துக்கு இரண்டு தடவை தேசமே சேர்ந்து கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறதாம். அதைப் பெரிய அதிசயமாக ரேணுகா போனில் சொன்னாள்.

"இதுல இன்னாம்மா அதிசயம் கீது? டூட்டில இருந்தப்ப நான் தெனம் பண்ணதுதான்" என்றேன்.

என் மனைவி வேண்டா அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்க்காமல் சோற்றில் கை வைக்க மாட்டாள். நாங்கள் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அங்கே பெண் வேலைக்கு ஓடுகிற நேரம். "நாஸ்தா துன்னாளோ இல்லியோ" என்று ஒரு கவளத்தைத் தட்டில் அப்படியே விட்டுவிடுவாள். அந்தக் கவளத்தை நான் எடுத்துச் சாப்பிட்டுவிடுவேன். மகளுக்காக நான் பட்ட கஷ்டங்களில் இதுவும் ஒன்று.

இரண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பசி எடுக்காது. இங்கே பஸ் வந்தால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். அங்கே நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் ஒரு கை நீளம் விட்டு, பேசாமல் நிற்கிறார்கள். இங்கே மத்தியானம் குடை பிடிக்கிறோம். அங்கே மார்கழி மத்தியானத்தில் தெருவிளக்கு எரிகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் பளபளக்கும் பட்டை ஒட்டிக்கொண்டு இருட்டில் போகிறார்கள். ஜனவரியில் சூரியன் திரும்பி வந்ததும் ஊரே உருண்டை உருண்டையாக இனிப்பு பன் வாங்கித் தின்கிறது. கிட்டத்தட்ட நாம் பொங்கல் வைக்கிற சமயம்தான் அதுவும்.

இவ்வளவும் உண்மை. வெறும் உண்மையைச் சொன்னால் சம்பந்தி வீட்டில் கொட்டாவி விடுவார்களே என்று, பூ வைக்கப் போன அன்று கொஞ்சம் மசாலா சேர்த்துவிட்டேன். அந்த ஊரில் ஆற்றும்போதே டீ நடுவானில் கட்டியாகிவிடும், உடைத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். கலைமான் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் பாஸைக் காட்டும், வயதானவர்கள் வந்தால் எழுந்து இடம் விடும் என்றேன். மதுராந்தகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாசாமி மட்டும் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, நீ சொல்றதுல தண்ணி எவ்ளோ, பாலு எவ்ளோ?"

"நம்ப ஆவின் பால் மாதிரிதான்" என்றேன்.

அங்கேதான் அவர் மனசுக்குள் என் கணக்கை மூடிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அப்பாசாமி சாதாரண ஆளில்லை. தினசரி காலண்டரில் அச்சடித்த ராகு காலத்தை அவர் மதிக்க மாட்டார். "அது சோம்பேறிங்களுக்குப் போட்டது" என்பார். பஞ்சாங்கத்தை விரித்து, அன்றைய சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலை எட்டாக வகுத்து, அந்தக் கிழமைக்கு எத்தனையாவது பங்கு என்று பார்த்து, ராகு காலத்தைத் தானே கணக்குப் போடுவார். அந்த நேரத்தில் அவர் மண்டியில் தராசு ஆடாது, லாரி நகராது. நாலு ஊர் வியாபாரிகள் அவரிடம்தான் நேரம் கேட்டுப் போவார்கள்.

சிக்கல் எப்படி வந்தது என்றால், ட்ரோம்சோ நகர மன்றத்தில் கல்யாணப் பதிவுக்கு ஒரே ஒரு நேரம்தான் கிடைத்தது. டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று. அதற்கு அடுத்த வாரம் மாப்பிள்ளை கப்பல் ஏறுகிறார். திரும்பப் பங்குனி ஆகிவிடும். அங்கே கையெழுத்துப் போட்டு அங்கேயே தாலி கட்டுவது, ஊருக்குச் சோறு போடுவதை வைகாசியில் மதுராந்தகத்தில் வைத்துக்கொள்வது என்று பேச்சு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி என்று கேட்டதும் அப்பாசாமி தலையை ஆட்டிவிட்டார். "வெள்ளிக்கெழம நாலாவது பங்கு ராகுவுக்கு. கிட்டத்தட்ட பத்தரைலேந்து பன்னண்டு. முடியாது."

விஷயம் கேட்டு நான் மதுராந்தகம் ஓடினேன். மண்டியில் நெல் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்த மட்டும் போட்டுக்கட்டும். தாலிய ராகு போனப்பறம் கட்டிக்கட்டுமே சம்பந்தி" என்றேன்.

"கையெழுத்துதான்யா கல்யாணம். ராகுல கையெழுத்துப் போட்ட லோடே ஒழுங்கா போய்ச் சேராது, குடும்பம் போய்ச் சேருமா?"

"சரி, அங்க பதினொண்ணுன்னா நம்ப கடியாரத்துல மூணரை. நம்ப நேரத்துக்குப் பாத்துக்கலாம்."

இதைச் சொல்லிவிட்டு எனக்கே முதுகில் தட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்பாசாமி ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார்.

"வெள்ளிக்கெழம மூணரை எமகண்டம்."

அங்கே ராகு, இங்கே எமன். என் சர்வீஸில் இப்படி இரண்டு பக்கமும் ரோடு அடைத்து நான் பார்த்ததில்லை. போதாததற்கு அவர் இன்னொரு கதவையும் சாத்தினார். "அதோட, சிங்கப்பூர்ல எங்க அண்ணன் மவன் கடை தொறந்தப்பவே சொல்லிட்டேன். காரியம் எந்த ஊர்ல நடக்குதோ அந்த ஊரு சூரியன்தான் கணக்கு."

"இந்தத் தேதிய வுட்டா?"

"பையன் திரும்பி வரட்டும். அதுக்குள்ள உத்திரமேரூர் ரைஸ்மில்லுக்காரர் வூட்டுலேந்து வேற, பொண்ணு குடுக்கறோம்னு ஆள் அனுப்பிகினு கீறாங்க. கடவுள் இன்னா நெனைக்கறாரோ."

கடவுள் என்ன நினைக்கிறார் என்பது தெரியாது, அப்பாசாமி என்ன நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "எங்க அப்பா மனசு நொந்து நான் தாலி கட்ட மாட்டேன் மாமா. நீங்கதான் எப்படியாவது பேசணும்" என்றார். பக்கத்தில் என் பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ரேணுகா பத்தாவது பரீட்சை சமயத்தில் கூட எனக்குக் கேட்க விட்டதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாசாமியின் கணக்கையே நானும் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த ஊரில் சூரியன் தாமதமாக வருமே, நாலாவது பங்கு மத்தியானத்துக்குத் தள்ளிப் போனாலும் போகலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நெரிசலில் நிற்கும்போதே பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"ரேணு, அன்னிக்கு அங்க சூரிய உதயம் எத்தினி மணிக்கும்மா?"

"அப்பா, மறந்துட்டியா? கார்த்திகை பாதிலேந்து தை மாசம் வரைக்கும் இங்க சூரியனே வராதுப்பா."

பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன். முன் சீட்டுக்காரர் நான் இறங்கப் போகிறேன் என்று வழி விட்டார்.

உதயம் இல்லை என்றால் பகல் இல்லை. பகல் இல்லை என்றால் எட்டுப் பங்கு எங்கே, நாலாவது பங்கு எங்கே? ராகுவுக்கு நிற்க இடமே இல்லை! மூன்று வருஷமாக ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்த விஷயம்தான், கல்யாணப் பதற்றத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது. என் பெண்ணின் ஊர், ராகு காலமே நுழைய முடியாத ஊர். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து மறுபடி மதுராந்தகம் போனேன்.

அப்பாசாமி முழுவதும் கேட்டார். பிறகு மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டார். "இங்க வாங்கடா, சம்பந்தி புதுசா ஒண்ணு கொண்ணாந்துகீறாரு. சூரியனுக்கு ஏழு வாரம் லீவாம்!"

"சத்தியமா சம்பந்தி."

"மானு பாஸ் காட்டுதுன்னும் இதே மூஞ்ச வச்சிகினுதான் சொன்ன."

"உன் பையனையே கேளு."

"அவன் கல்யாண ஆசைல கீறான். சூரியன் ரெண்டுன்னு கூட சொல்லுவான்."

"போன்ல தேடிப் பாரு."

"போன்ல யாரு வேணா இன்னா வேணா போடுவான்."

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தராசுத் தட்டில் வைத்தேன். "அப்ப ஒண்ணு பண்ணு. அன்னிக்கு எங்க வூட்டுக்கு வா. வீடியோவுல உன் கண்ணாலயே பாரு. சூரியன் இல்லன்னா தாலி ஏறணும்."

"இருந்தா?"

"இருந்தா நீ உத்திரமேரூர் போ. நான் வழிய மறிக்க மாட்டேன்."

துணிச்சலாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் வேண்டா அதைக் கேட்டு, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "பொண்ணு வாழ்க்கைய பந்தயம் கட்டிட்டு வந்துகீறியே, நீ இன்னா மனுஷன்யா?" அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்கு எந்த ஊர்க் கவளமும் கிடைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அப்பாசாமி காரில் வந்து எங்களையும் ஏற்றிக்கொண்டார். நல்ல நாளும் அதுவுமாக மாமல்லபுரத்தில் கடல் முழுக்குப் போட வேண்டும் என்பது அவர் முறை. கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, முழுக்கு நடந்தாக வேண்டும். மழை விட்டு வானம் சுத்தமாக இருந்தது. முழுகி எழுந்து கரைக்கு வந்தோம். நான் அடித்த முழுக்கில் அணுபுரம் வரைக்கும் அலை போயிருக்கும். கடற்கரைக் கோயில் தெளிவாகத் தெரிந்தது, படகுகளின் பெயர்களைப் படிக்க முடிந்தது, அப்பாசாமி கண்ணாடி போடாமலே பஞ்சாங்கத்தைப் புரட்டினார். குளிரில் அவர் பல் தந்தி அடித்தது.

கரையோரம் செல்லம்மா என்கிற அம்மாளின் டீ வண்டி. அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு டீ குடும்மா, சுருக்கா."

"இரு நைனா. அவரு இன்னும் வரல."

"யாரு, உன் வூட்டுக்காரரா?"

"சூரியன் நைனா. மொத கிளாசு அவருக்குத்தான். அவரு தலைய காட்டாம நான் போணி பண்ண மாட்டேன்."

எனக்கும் குளிர்தான். "அதான் ஊரே வெளிச்சமா கீதேம்மா. ஊசி வுழுந்தா எடுக்கலாம். இன்னும் இன்னா வரணும்?" என்றேன்.

அப்பாசாமி என் பக்கம் திரும்பினார். என்னைத் திருத்துவதற்கு அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் குளிர் கூடத் தெரியாது போலும். "இன்னா சம்பந்தி, வெவரம் இல்லாம பேசற? வெளிச்சம்ன்றது அவரு வர்றதுக்கு முன்னாடி அனுப்பற ஆளு. ஆள் வந்தா அவரே வந்ததா ஆயிடுமா? விளிம்பு தெரியணும். அதுதான் உதயம். இந்தம்மாவுக்குத் தெரிஞ்ச மொறை உனக்குத் தெரியலியே!"

செல்லம்மா அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள். அவர் நடுங்கிக்கொண்டே நிமிர்ந்து நின்றார். கடைசியில் கடல் ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்று எழுந்தது. செல்லம்மா முதல் கிளாஸைக் கடல் பக்கம் ஊற்றிவிட்டு, இரண்டாவதை அப்பாசாமி கையில் கொடுத்தாள். அவர் மூன்று டீ குடித்தார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் டிவியில் வீடியோவை இணைத்தாயிற்று. வேண்டா தட்டில் அட்சதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாசாமி பஞ்சாங்கத்தோடு நாற்காலியின் நுனியில். இரண்டு கடிகாரமும் எங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தன.

திரையில் என் பெண் வந்தாள். நாங்கள் பார்சலில் அனுப்பிய அரக்குப் பட்டுப் புடவை, அதற்கு மேலே கணுக்கால் வரை கோட்டு, தலையில் எங்கிருந்தோ வாங்கிய வெள்ளைப் பூ. கையில் மஞ்சள் கயிறு வைத்த தட்டு. பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் நகர மன்றத்து வாசல். உள்ளே கல்யாணத்தைப் பதிவு செய்கிற அம்மாள் கையில் பேனாவோடு காத்திருந்தாள். அந்த ஊரில் அதற்கு முன் அவ்வளவு அழகான மணப்பெண் வந்ததே இல்லை, அந்த அம்மாளே வாயடைத்து நின்றாள் என்று நான் சொன்னால், அதில் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

"ரஞ்சித்து, போனை வெளிய திருப்பு" என்றார் அப்பாசாமி.

மாப்பிள்ளை திருப்பினார்.

கும்மிருட்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியும் இருந்தேன். அங்கே பனி மூடிய மலை தெரிந்தது, பாலம் தெரிந்தது, நடந்து போகிறவர்களின் முகம் தெரிந்தது. மலைக்குப் பின்னால் வானம் ரோஜா நிறத்தில் இருந்தது.

அப்பாசாமி எழுந்துவிட்டார். "இன்னாய்யா இது? பளபளன்னு விடிஞ்சி கீது! இருட்டு இருட்டுன்ன?"

"அப்பா, இது வெறும் வெளிச்சம்தான்ப்பா" என்றார் மாப்பிள்ளை.

"வெறும் வெளிச்சமா? யாருகிட்ட கதை உடற? உன் மாமனாரு பேச்சு ஒட்டிகிச்சா உனக்கு?"

உள்ளே இருந்த அம்மாள் மணியைப் பார்த்தாள். ரேணுகா தட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஓட்டை பஸ்ஸுக்கும் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிற என் வாய் ஒட்டிக்கொண்டது.

அப்போது வேண்டா அட்சதைத் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அண்ணே, காலைல டீக்கு எதுக்கு அவ்ளோ நேரம் நடுங்கிகினு நின்னீங்க?"

அப்பாசாமி அவளைப் பார்த்தார்.

"ஊரே வெளிச்சமாத்தானே இருந்துது? நீங்கதானே சொன்னீங்க, ஆள் வந்தா அவரே வந்ததா ஆயிடாதுன்னு."

அப்பாசாமி மெதுவாகத் திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்கு டிவியில் முட்டியது.

"ரஞ்சித்து... தெக்கால காட்டு. மலை உச்சிய காட்டு. அப்படியே மெதுவா."

மாப்பிள்ளை காட்டினார். ரோஜா நிறத்துக்கு அடியில் மலையின் வெட்டு விளிம்பு கருநீலமாக நின்றது. அங்கே ஒரு பொட்டுச் சிவப்பு கூட இல்லை. கீழே தெருவில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பனியில் நடந்து போன ஒருவருக்கும் வெயில் நிழல் இல்லை.

"இதுக்கு மேல வருவாரா?"

"வரமாட்டாருப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல வெளிச்சமும் போயிடும்."

அப்பாசாமி பஞ்சாங்கத்தைத் திறந்தார். விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பக்கத்தில் வைத்து எடுத்தார். எட்டாக வகுக்க ஒன்றும் இல்லை. அவருடைய உதடு மட்டும் கணக்குப் போட்டு, பாதியில் நின்றது. பிறகு புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உள்ள போய்க் கையெழுத்துப் போடுங்க. போட்டதும் கட்றா தாலிய! அந்தம்மாவ காக்க வைக்காத."

அவர்கள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு முடித்ததும் வேண்டா அட்சதையை டிவி மேல் அள்ளி வீசினாள். நான் வீசிய வேகத்தில் செங்கல்பட்டு அட்சதை ட்ரோம்சோ பனியிலேயே போய் விழுந்தது. ஏழு கடல் தாண்டி அரிசி வீசிய கை இது. என் பெண் குனிந்தாள், நிமிர்ந்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. பேனா வைத்திருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அப்பாசாமியைப் பார்த்தேன். சொல்லாமல் விடுவேனா? "சம்பந்தி, இப்ப சொல்லு. தண்ணி எவ்ளோ, பாலு எவ்ளோ?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மானு பாஸ் காட்றத நான் சாவற வரைக்கும் நம்ப மாட்டேன்" என்றார். "ஆனா இது நடந்துதுய்யா. சூரியன் வரல, ராகுவும் வரல. என் கண்ணால பாத்தேன்."